டி.எம். படிப்பா, எம்.சி.ஹெச். படிப்பா?

வேலூர் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் 1961-லேயே திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்தது. இங்கே இதயத் துறை படிக்க விரும்பும் இளம் மருத்துவர்கள் பலருக்கும் டி.எம். (இதய மருத்துவ மேற்படிப்பு) எடுப்பதா, எம்.சி.ஹெச். (இதய அறுவை மேற்படிப்பு) எடுப்பதா என்ற குழப்பம்தான்.

நுழைவு: இரண்டுக்கும் நீட் எஸ்.எஸ். (உயர் சிறப்புப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு). டி.எம்.முக்குப் பொது மருத்துவ எம்.டி., எம்.சி.ஹெச்.சுக்குப் பொது அறுவை எம்.எஸ். இருந்தால் போதும்.

காலம்: தலா 3 ஆண்டு.

கைவேலை: டி.எம்.மில் எக்கோ (இதய ஸ்கேன்), ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக்குழாய்ப் படம்), ஸ்டென்ட் (அடைப்பு நீக்கி வைக்கும் சிறு குழாய்). வாதக் காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் வால்வை (இதயத்தின் இடப்பக்க இரு அறைகளுக்கு இடையிலான வால்வு) தொடை ரத்தக்குழாய் வழியே பலூன் செலுத்தி விரிப்பதும் இவர்கள்தான். வால்வில் சுண்ணாம்பு மிகுதியாகப் படிந்தாலோ, கசிவு அதிகமானாலோ பலூன் உதவாது. அப்புறம் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற எம்.சி.ஹெச். முடித்தவர் வேண்டும்.

குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ எக்கோ கருவியோடு மருத்துவமனை தொடங்க ஆசையா? சரி, டி.எம். எடுங்கள். அறுவை நிபுணருக்கோ, அறுவையின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் இதய–நுரையீரல் இயந்திரமும் அதை இயக்கும் குழுவும் தேவை. பெரிய மருத்துவமனையிலேயே இருக்கச் சம்மதம் என்றால் எம்.சி.ஹெச்.