கருத்தரித்த நாளைக் கணிக்கும் செயலி: மூன்று மாதம் பயன்படுத்திய பின்

கர்ப்பம் உறுதியான அன்றே, கரு எந்த நாளில் தங்கியிருக்கும் என்று அறியும் ஆவலில், அந்த நாளைக் கணித்துத் தரும் ஒரு செயலியைக் கைப்பேசியில் நிறுவிக்கொண்டேன். மூன்று மாதம் தொடர்ந்து பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். அதன் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. கணக்குப் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியை அது கேட்பதில்லை என்பதுதான் என் குறை.

செயலியைத் திறந்ததும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளை மட்டும் கேட்கிறது. மார்ச் 3 என்று இட்டேன். உடனே இளஞ்சிவப்பு வட்டத்துக்குள் மார்ச் 17 என்று கருத்தரித்த நாளும், அதன் கீழே டிசம்பர் 8 என்று உத்தேசப் பிரசவத் தேதியும் தோன்றின. அந்த முதல் நாளோடு 14 நாளைக் கூட்டினால் கருத்தரிப்பு, 280 நாளைக் கூட்டினால் பிரசவம் என்பதே இதன் அடிப்படை. ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் நேகலேயின் பெயரால் வழங்கும் பழைய விதிப்படி ஏழு நாளைக் கூட்டி மூன்று மாதத்தைக் கழித்துப் பார்த்தேன். டிசம்பர் 10 வந்தது. எல்லா மாதங்களுக்கும் நாள் எண்ணிக்கை ஒன்றாக இல்லாததால் வரும் வேறுபாடு அது. பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கவலை கொடுத்தது வேறொன்று. இந்தக் கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவர்களுக்கானது. எனக்கோ 35 நாளுக்கு ஒருமுறைதான் வரும். கருமுட்டை வெளியான பின் அடுத்த மாதவிலக்கு வரை உள்ள காலம் பெரும்பாலும் 14 நாளையொட்டியே இருக்கும். சுழற்சி நீள்வதும் குறுகுவதும் அதற்கு முந்தைய பகுதியில்தான். ஆகவே எனக்குக் கருமுட்டை வெளியாக 21 நாள் ஆகியிருக்கும். சுழற்சியின் நீளத்தைக் குறிக்கும் இடம் செயலியில் இருக்கிறது என்றாலும், அமைப்புகள் பகுதியில் மூன்று திரைகளைத் தாண்டி, தேடுபவர் கண்ணுக்கு மட்டுமே படும்படி வைத்திருக்கிறார்கள்.

அதை அறியாமலேயே மே 2 அன்று முதல் ஸ்கேனுக்குப் போனேன். செயலி 8 வாரம் 4 நாள் என்றது. ஸ்கேனில் கருவின் உச்சி முதல் பிட்டம் வரையிலான நீளம் 13 மில்லிமீட்டர். அதற்குரிய வயது 7 வாரம் 4 நாள். ஒரு வாரம் குறைகிறதே, வளர்ச்சி நின்றுவிட்டதோ என்று நெஞ்சு பதறியது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “உங்களுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும்?” என்பதுதான். வீடு திரும்பி 35 என்று மாற்றியதும் கருத்தரித்த நாள் மார்ச் 24 ஆகவும் பிரசவத் தேதி டிசம்பர் 15 ஆகவும் நகர்ந்து, ஸ்கேனோடு பொருந்தின. கேள்வி முதல் திரையிலேயே இருந்திருந்தால் அந்தப் பதற்றத்துக்கு இடமே இருந்திருக்காது.

என் இரண்டாவது குறை, ஒற்றைத் தேதியை அத்தனை உறுதியோடு காட்டுவது. வெளியான கருமுட்டை 12 முதல் 24 மணி நேரம் வரை மட்டுமே கருவுறும் நிலையில் இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும். எனவே உறவு கொண்ட நாளும் கருத்தரித்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கணவர் வெளியூரில் இருந்த நாளை இந்த வட்டம் சுட்டினால் ஒரு குடும்பத்தில் என்னவெல்லாம் நேரும் என்பதை இதை உருவாக்கியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எட்டு வாரக் கர்ப்பம் என்றால் கருத்தரித்து ஆறு வாரமே ஆகியிருக்கும் என்பதையும், முதல் இரண்டு வாரம் கருவே உருவாகாத காலம் என்பதையும் அது எங்கும் சொல்வதில்லை. தந்தை யார் என்ற ஐயத்தைத் தீர்க்க மரபணுச் சோதனைதான் வழி. ஸ்கேன்கூட சில நாள் இடைவெளியைப் பிரித்துக் காட்டாது.

சோதனைக்குழாய் முறையில் கருவுற்றவர்களுக்குத் தனிப் பகுதி வைத்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். ஐந்தாம் நாள் கருவைக் கருப்பையில் வைத்த தேதியைக் கொடுத்தால் அதிலிருந்து 261 நாளைச் சரியாகக் கூட்டித் தருகிறது. அவர்களுக்குக் கருவுற்ற நாள் ஐயமின்றித் தெரியும் என்பதால் மாதவிலக்குத் தேதியைக் கேட்பதே இல்லை.

ஸ்கேன் விவரத்தை உள்ளிடும் வசதியும் பயனுள்ளதே. ஆனால் முதல் மூன்று மாத ஸ்கேனையும் எட்டாம் மாத ஸ்கேனையும் அது ஒரே தரத்தில் வைக்கிறது. முன்னதில் ஐந்து முதல் ஏழு நாள் வரை முன்பின் ஆகலாம். பின்னதில் மூன்று வாரம்கூட ஆகலாம். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களும் கருத்தடை மாத்திரையை அண்மையில் நிறுத்தியவர்களும் முதல் ஸ்கேன் முடியும் வரை இந்தச் செயலியின் தேதியை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

நிறுவுபவர்கள் முதலில் அமைப்புகளுக்குப் போய்ச் சுழற்சியின் நீளத்தைத் திருத்திவிடுங்கள். நினைவூட்டல் பகுதியிலும் பிரசவத் தேதியைத் தனியாக மாற்ற வேண்டும். நான் மாற்றாமல் விட்டதால், “இந்த வாரம் உங்கள் குழந்தை” என்ற செய்தி மேலும் பத்து நாள் பழைய கணக்கிலேயே வந்துகொண்டிருந்தது.