ஜாடியா, பீக்கரா, நாமே வளைத்த குழாயா?

வீட்டில் வேதியியல் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு முதலில் வரும் குழப்பம் கண்ணாடிச் சாமான்தான். வீட்டில் கிடக்கும் ஜாடி போதுமா, ஆய்வகக் கண்ணாடியே வாங்கணுமா, இல்லை நாமே செய்துகொள்ளலாமா? கலன் சூட்டைப் பார்க்கப்போகிறதா என்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்வேன்.

சூடே இல்லையென்றால் காலி ஜாம் பாட்டில் அருமையான கலன். படிகம் வளர்க்கலாம், கரைசல் கலக்கலாம், வண்டலைத் தெளியவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை: ஆய்வுக்கு வந்த பாட்டில் மறுபடி சமையலறைக்குப் போகவே கூடாது.

அதையே சூடாக்கினால் வம்பு. பாட்டில்கள் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி, அதாவது சாதாரணக் கண்ணாடி. அதே சூட்டுக்கு இது, ஆய்வகக் கண்ணாடியான போரோசிலிகேட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். அடிப்பாகம் விரிய, சுவர் குளிர்ந்தே இருக்க, அந்த இழுப்பில் விரிசல் விழும். தடியான பாட்டில் தாங்கும் என்று நம்பி உப்புக் கரைசலோடு ஒன்றைச் சூட்டுத்தட்டில் வைத்தேன். அடி வட்டமாகக் கழன்று வந்தது. தடிமன் கூடினால் சூட்டு வேறுபாடும் கூடும் என்று அன்றுதான் புரிந்தது.

ஆகவே சூட்டுக்குப் போரோசிலிகேட்தான். ஜெர்மனியின் ஓட்டோ ஷாட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய வகை இது. ஆனால் அடுப்புக்கண்ணாடி என்று விற்பதெல்லாம் இதுவல்ல; பல பாத்திரங்கள் பதப்படுத்திய சோடா-சுண்ணாம்புதான், நேரடிச் சுடருக்கு ஆகாது. சந்தேகமென்றால் கிளிசரினில் முக்கிப் பாருங்கள். கிளிசரினின் ஒளிவிலகல் எண்ணும் (ஒளி அதற்குள் எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எண்) போரோசிலிகேட்டின் எண்ணும் ஏறக்குறைய 1.47 என்பதால் மூழ்கிய பகுதி கிட்டத்தட்ட மறைந்துவிடும். சோடா-சுண்ணாம்புக்கு 1.52; அதன் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

250 மி.லி. பீக்கர் இரண்டு, ஒரு கூம்புக் குடுவை, பத்து சோதனைக் குழாய்கள்: தொடங்க இது போதும். பீக்கரின் கோடுகளை நம்பி அளக்காதீர்கள், 5 சதவீதம் வரை பிசகும். அளக்க அளவுச்சாடி தனியாக வேண்டும். பழையது வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்து, நட்சத்திரம்போல் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம். மின்விளக்கை உடைத்துக் குடுவையாக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. கண்ணாடி மிக மெல்லியது. பழைய வகைக் குழல்விளக்கில் பாதரசமும் இருக்கும்.

நாமே செய்வதென்றால் குழாய் வேலை மட்டும். இங்கே நிலைமை அப்படியே தலைகீழ்: சூட்டில் தோற்ற சோடா-சுண்ணாம்புதான் இங்கே நல்லது. மெல்லிய குழாய் ஸ்பிரிட் விளக்கிலேயே இளகும். போரோசிலிகேட் இளக 820 டிகிரி செல்சியஸ் அளவு வேண்டும், அதற்கு ஆக்சிஜன் கலந்த எரிவாயுச் சுடர் தேவை. முக்கோண அரத்தால் ஒரே கீறல் போட்டு, துணி சுற்றி, கீறல் வெளிப்பக்கம் இருக்கும்படி பிடித்து மடக்கினால் சுத்தமாக ஒடியும். முனையைச் சுடரில் காட்டி மழுக்குங்கள். அப்புறம் சுழற்றிச் சூடாக்கி, இளகியதும் சுடருக்கு வெளியே எடுத்து வளையுங்கள். சொட்டுக்குழாயும் இப்படியே, வளைப்பதற்குப் பதில் இழுக்கணும்.

கையைக் கிழிக்கும் இடம் கடைசியில் இருக்கிறது: குழாயை ரப்பர் அடைப்பானில் நுழைப்பது. கிளிசரின் தடவி, கையில் துணி சுற்றி, குழாயை அடைப்பானுக்கு அருகிலேயே பிடித்து, திருகித் திருகி நுழையுங்கள். வளைவைப் பிடித்துத் தள்ளாதீர்கள்.