பத்து வருடக் கார்டு பாக்கியும் திருச்சியில் பத்து நாளும்

இந்த ஜனவரியில் பொங்கலுக்குத் திருச்சி வந்த மறுநாள், காலை ஏழு மணிக்கே ஒருவர் வாசலில் நின்றார். என் பெயரைச் சொல்லி, 1,12,000 ரூபாய் பாக்கி, கட்டாவிட்டால் ஏர்போர்ட்டிலேயே பிடிப்போம் என்றார். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பா உள்ளே வந்து, "தம்பி, ஆயிரமாவது கொடுத்து அனுப்பிடட்டுமா?" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

2015-இல் சென்னை வேலையை விட்டுச் சிங்கப்பூர் போகும்போது கிரெடிட் கார்டில் சுமார் 18,000 ரூபாய் நின்றது. அங்கே போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், கட்டவில்லை. தவறு என்னுடையதுதான். ஆனால் அப்பா அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் இல்லை. மகன் கடன் தகப்பனைச் சேராது. காலை எட்டு மணிக்கு முன்போ இரவு ஏழு மணிக்குப் பின்போ வசூலுக்கு அழைக்கக் கூடாது, குடும்பத்தாரை அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. வந்தவரிடம் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதத்தைக் கேட்டேன். எடுத்து வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை.

அன்று மாலையே தங்கை என் சிபில் அறிக்கையை, அதாவது நான் வாங்கிய கடன்களின் பதிவை, எடுத்துக் கொடுத்தாள். சிபில் போல நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். என் அறிக்கையில் 'ரிட்டன் ஆஃப்' என்று பார்த்ததும், தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று மகிழ்ந்தேன். ஆனால் அது வங்கி தன் கணக்குப் புத்தகத்துக்காகச் செய்துகொள்வது. கடன் அப்படியே இருக்கும், வசூலும் நடக்கும். ஏழு வருடத்தில் தானாக அழிந்துவிடும் என்று சிங்கப்பூரில் நண்பர்கள் சொல்வதும் சரியில்லை. ஏழு வருடம் என்பது பதிவைக் குறைந்தபட்சம் வைத்திருக்க வேண்டிய காலம்.

மறுநாள் அப்பாவுக்குத் தெரிந்த வக்கீலைப் பார்த்தோம். கார்டு பாக்கி சிவில் விஷயம், ஏமாற்றும் நோக்கம் இல்லாமல் கட்டத் தவறியதற்கு ஏர்போர்ட்டில் கைது கிடையாது என்று முதலில் அப்பாவின் பயத்தைப் போக்கினார். "மூணு வருஷம் தாண்டியாச்சே, கேஸ் போட முடியாதுல்ல சார்?" என்றேன். அவர் 1963-ஆம் வருட காலவரையறைச் சட்டத்தைப் புரட்டி, 15-ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவைக் காட்டினார். பிரதிவாதி இந்தியாவில் இல்லாத காலம், வழக்குப் போடுவதற்கான அந்த மூன்று வருடக் கணக்கில் சேராது. "நீங்க லீவுக்கு வந்துட்டுப் போன நாள்தான் தம்பி கணக்கு. பத்து வருஷத்துல நாலு மாசம் இருக்குமா?" வெளிநாட்டில் இருக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்குத் தெரியாது.

உள்ளூரிலேயே இருப்பவர்களுக்கும் ஒன்று சொன்னார். அந்த மூன்று வருடக் கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாலோ, கொஞ்சம் பணம் கட்டிக் கைப்பட எழுதிக் கொடுத்தாலோ, அன்றிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். கெடு முடிந்த பிறகும், கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி அது செல்லும். வசூல்காரர்கள் 'சும்மா ஒரு கையெழுத்து' கேட்பதன் பொருள் எனக்கு அங்கேதான் புரிந்தது.

பிறகு வங்கி. கிளையில் தெரியாது என்றார்கள், சென்னை வசூல் பிரிவில் கிளையைக் கேள் என்றார்கள். மூன்று நாள் இதிலேயே போயிற்று. எழுத்தில் புகார் கொடுத்து, பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போவேன் என்று சேர்த்த பிறகுதான் கணக்கு விவரம் கைக்கு வந்தது. அதில் இருந்தது 86,000 சொச்சம். வாசலில் சொன்ன தொகை எங்கிருந்து வந்ததென்று யாரும் சொல்லவில்லை.

38,000 கட்டினால் முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் அறிக்கையில் 'செட்டில்டு' (குறைத்துக் கட்டி முடித்தது) என்று விழும், அடுத்து கடன் தருபவர் அதைப் பார்த்துத் தயங்குவார். திருச்சியில் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருப்பதால் முழுத் தொகையும் கட்டினேன், 'குளோஸ்டு' என்று வர வேண்டும் என்பதற்காக. வலித்தது, ஆனாலும் எனக்கு இதுதான் சரி. வீட்டுக் கடன் தேவையில்லாதவர் வேறு முடிவு எடுக்கலாம். எதுவானாலும் தொகையைச் சொல்லி வங்கி தரும் கடிதம் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள், ஏஜென்ட் தரும் கணக்குக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

கட்டிய பிறகும் கடன் அறிக்கையில் பதிவு மாறாவிட்டால் புகார் கொடுக்கலாம். முப்பது நாளில் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் நமக்குத் தர வேண்டும். கிளம்பும் அன்று காலை, பாக்கி எதுவும் இல்லை என்று வங்கி தரும் நோ டியூ சான்றிதழ் வந்தது. அப்பா அதை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துப் பீரோவைப் பூட்டினார்.