குழாய் கடையில், டிரில் ஆன்லைனில்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

குழாய், பூட்டு, டவல் கம்பி, டிரில் மெஷின், ஸ்பானர் என்று வீட்டுக்குத் தேவையானதைப் பல வருடங்களாக இரண்டு வழியிலும் வாங்கி வருகிறேன். ஆன்லைனில் விலை குறைவு, கடையில் பொருள் தரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் இரண்டுமே பாதிதான் சரி. இப்போதெல்லாம் விலையைக் கடைசியில்தான் பார்க்கிறேன். வேண்டியதை ஓர் எண்ணைச் சொல்லிக் கேட்க முடியுமா, இல்லை பழையதைக் கழற்றி எடுத்துப்போய் "இதே மாதிரி ஒண்ணு" என்று காட்ட வேண்டியிருக்குமா? எண் இருந்தால் ஆன்லைன். இல்லையென்றால் கடை.

பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 608 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். பல்பு இ27 என்றால் இ27 ஹோல்டரில் உட்காரும். எஸ்டிஎஸ் பிளஸ் (தண்டில் காடி வெட்டிய, தள்ளினாலே பூட்டிக்கொள்ளும் வகை) டிரில் பிட்டின் தண்டு 10 மி.மீ.; அந்த வகை ஹேமர் டிரில் எதிலும் மாட்டலாம். இவற்றுக்காகக் கடை கடையாக ஏறி இறங்குவது வீண் அலைச்சல்.

குழாய் விஷயம் வேறு. வாஷ் பேசினில் இருந்த ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் (சுடுநீரும் குளிர்நீரும் கலந்து வரும் குழாய்) சொட்ட ஆரம்பித்தது. இந்த வகைக் குழாய்க்குள் ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதனுள் இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து தண்ணீரைத் திறந்து மூடுகின்றன. சொட்டினால் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜை மாற்றினாலே போதும். 35 மி.மீ., 40 மி.மீ. இரண்டும்தான் அதிகம் புழங்கும் அளவுகள். என்னுடையது 35. 'எல்லா 35 மி.மீ. குழாய்க்கும் பொருந்தும்' என்று போட்டிருந்ததை ஆன்லைனில் வரவழைத்தேன். உள்ளே போனது, ஆனால் தண்டு கொஞ்சம் உயரம் கூடுதல். கைப்பிடி உட்காராமல் அந்தரத்தில் நின்றது. பழையதைக் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் அளவு எதுவும் கேட்கவில்லை. அதைத் தலைகீழாகத் திருப்பி அடியில் இருந்த இரண்டு குமிழ்களைப் பார்த்தார், தண்டின்மேல் விரலை வைத்து உயரம் பார்த்தார், டப்பாவிலிருந்து இரண்டை எடுத்து வைத்தார். "ரெண்டையும் கொண்டு போங்க, சேராததைத் திருப்பிக் குடுங்க" என்றார். அதில் ஒன்று சரியாகச் சேர்ந்தது.

கடையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறோமே என்று தோன்றினால் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆன்லைனிலும் ரிட்டர்ன் உண்டுதான். ஆனால் டெஃப்ளான் டேப் சுற்றி, ஸ்பானர் பட்டு குரோமில் கீறல் விழுந்த பிறகு 'பயன்படுத்தப்பட்ட பொருள்' என்று தள்ளிவிடுவார்கள். அதனால் பார்சல் வந்ததும் பிரித்து, மரை கெட்டுப்போகாமல் இருக்கிறதா, வாஷர் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிளம்பரைக் கூப்பிடுகிறேன். (குழாய் முனையில் இருக்கும் சல்லடை மட்டும், குழாய் என்றால் கடை என்பதற்கு விதிவிலக்கு. வெளிமரை என்றால் எம்24, உள்மரை என்றால் எம்22 என்பதுதான் வழக்கமான அளவு. தாராளமாக ஆன்லைனில் வாங்கலாம்.)

புதுக் குழாயையும் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. படத்தில் பித்தளையும் துத்தநாகக் கலவையும் ஒரே மாதிரிதான் பளபளக்கும். கையில் எடுத்தால் பித்தளை கனக்கும். தண்ணீர் நுழையும் துளைக்குள் எட்டிப் பார்த்தால், பூச்சு ஏறாத இடத்தில் பித்தளை என்றால் மஞ்சளாகத் தெரியும். கலவை என்றால் சாம்பல் நிறம். கலவைக் குழாய் நாளடைவில் உள்ளே அரிக்கும். அப்புறம் கழற்றப் போனால் மரை உடைந்து கையோடு வந்துவிடும், பாதி சுவருக்குள்ளேயே நின்றுவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பொருள்களில் கடைக்காரரின் பேச்சையும் அப்படியே நம்ப முடியாது. 304 கிரேடு (துருவை நன்றாகத் தாங்கும் ஸ்டீல் வகை) என்று சொல்லிக் கடையில் கொடுத்த டவல் கம்பியில் வெல்டிங் செய்த இடத்தில் துருப் புள்ளிகள் வந்துவிட்டன. காந்தம் ஒட்டவில்லை, எனவே நல்ல ஸ்டீல் என்று காட்டுவது எதையும் நிரூபிக்காது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் 201, 202 வகைகளிலும் காந்தம் அநேகமாக ஒட்டாது. ஈரமான இடத்தில் துருவைத் தாங்குவதில்தான் அவை 304-க்குப் பின்தங்குகின்றன. இதை ஆன்லைனிலும் கண்டுபிடிக்க முடியாது, கடையிலும் முடியாது. கிரேடு அச்சடித்த பொருளாகப் பார்த்து, பில்லிலும் 304 என்று எழுதி வாங்குவதுதான் வழி.

பேட்டரி டிரில்லுக்கு நான் முழுக்க ஆன்லைன் பக்கம். கடையில் இரண்டு மாடல் இருக்கும், அதில் எது தேங்கிக் கிடக்கிறதோ அதைத்தான் 'எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க' என்பார்கள். ஆன்லைனில் பேட்டரி இல்லாமல் மெஷின் மட்டும் கிடைக்கிறது. ஏற்கெனவே இருக்கும் பேட்டரியையே கட்டர், கிரைண்டர் என்று அதே கம்பெனியின் அதே வரிசைக் கருவிகளுக்கெல்லாம் போட்டுக்கொள்ளலாம். வோல்ட் கணக்கில் மட்டும் கவனம் தேவை. 18, 20, 21 என்று மூன்று விதமாகப் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது வரிசையாக இணைத்த ஐந்து லித்தியம் செல்கள்தான். ஒரு செல்லுக்குச் சராசரி 3.6 வோல்ட் என்றால் 18. முழுதாக ஏறியதும் 4.2 என்பதால் 21. சிலர் அதே ஐந்து செல்லின்மேல் 48, 88 என்று ஒட்டி விற்கிறார்கள். ஒட்டியிருப்பதை விட்டுவிட்டு, உண்மையான வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கி வாட் மணி பாருங்கள். 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி என்றால் 36. எவ்வளவு நேரம் ஓடும் என்பதை அந்த எண்தான் சொல்லும்.

என் பேட்டரி டிரில்லில் பிட்டைப் பிடிக்கும் சக் இன்றுவரை பிடி தளரவில்லை, பேட்டரிதான் சோர்ந்துவிட்டது. வயர் வைத்த பழைய டிரில்லுக்குக் கார்பன் பிரஷ் தேய்ந்தபோது மறுபடியும் கடைதான். சரியான அளவு இல்லை. கொஞ்சம் பெரியதை எடுத்து உப்புத்தாளில் தேய்த்து உட்கார வைத்துக் கொடுத்தார்கள்.

ரிவ்யூக்களில் பாதி, பெட்டியைப் பிரித்த அன்றே எழுதியவை. குழாய்க்கும் கம்பிக்கும் அவை எந்த விதத்திலும் உதவாது. சில மாதம் கழித்துப் படத்தோடு போட்ட குறைந்த ஸ்டார் ரிவ்யூக்களை மட்டும் படிக்கிறேன். கடைப் பக்கத்துக் குறை பில். துண்டுச் சீட்டில் 'டிரில் 1' என்று எழுதிக் கொடுத்தால் வாரண்டிக்கு அது உதவாது. மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் கேட்டு எழுதி வாங்குகிறேன், முகம் சுளித்தாலும் சரி.

அடுத்து வாசல் கதவுப் பூட்டின் சிலிண்டரை மாற்ற வேண்டும். சாவி நுழையும் பகுதி அது; தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய யூரோ சிலிண்டர் வகைதான். நடு ஸ்குரூ துளையின் மையத்திலிருந்து இரண்டு பக்கமும் அளந்து வைத்திருக்கிறேன்: வெளியே 30 மி.மீ., உள்ளே 40 மி.மீ. இதை ஆன்லைனில் வாங்கிவிடுவேன். கைப்பிடிக்குக் கடைக்குப் போக வேண்டும்.