எல்லாம் ஒரே பையில் கலந்து வரும் சாலட் பாக்கெட்: வாங்கலாமா?

பயறு, தானியம் கலந்த சாலட் பாக்கெட் ஒன்றை வாங்கிச் சமைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். காய்ந்த கொண்டைக்கடலை, ராஜ்மா, பச்சைப் பயறு, பார்லி, கீன்வா என்ற குட்டித் தானியம், ஐந்தும் ஒரே பையில், கூடவே ஒரு குட்டிப் பாக்கெட்டில் டிரஸ்ஸிங் பொடி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்க வேண்டாம். பொருள்களில் குறை ஒன்றும் இல்லை. கல் இல்லை, பூச்சி அரித்தது இல்லை, கடலை நல்ல பருமன். அத்தனையையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து விற்கிறார்களே, அதுதான் தப்பு.

கீன்வா 15 நிமிடத்தில் வெந்துவிடும். முழுப் பச்சைப் பயறுக்கு அரை மணி நேரம் போதும், தீட்டிய பார்லிக்கு 30 முதல் 40 நிமிடம் ஆகும். கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் ராத்திரி முழுக்க ஊறியிருந்தாலும் சாதாரணப் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் பக்கம் இழுக்கும், பழைய சரக்காக இருந்தால் அதற்கும் மேலே. இந்த ஐந்தையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு 20 நிமிடத்தில் இறக்கச் சொல்கிறது பாக்கெட். இறக்கினேன். ஒரு கடலையை நகத்தால் பிளந்து பார்த்தால் ஓரம் மட்டும் ஈரமாக இருக்கிறது, நடுவில் வெள்ளையாக வேகாத மாவு, கடித்தால் நறுக்கென்கிறது. அதே பாத்திரத்தில் கீன்வா குழைந்து, அதன் சின்னச் சின்ன வெள்ளை வால்கள் பிரிந்து வந்து கடலைத் தோலெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரி, கடலை வேகட்டும் என்று மறுபடி அடுப்பில் வைத்தால் கடலை வெந்து முடிப்பதற்குள் மற்றதெல்லாம் கஞ்சி. சாலட் என்றால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நிற்க வேண்டாமா?

ருசி போனால் போகிறது என்று விட்டுவிடலாம், ராஜ்மா விஷயத்தை அப்படி விட முடியாது. சரியாக வேகாத ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளுட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது, நாலைந்து பச்சைக் கொட்டை வயிற்றுக்குள் போனாலே சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். 100 டிகிரியில் 10 நிமிடம் கொதித்தால் நச்சு அழிந்துவிடும் என்றாலும், பாதுகாப்புக்கு 30 நிமிடம் என்பதுதான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. அதற்குப் பிறகும் மெத்தென்று ஆகும்வரை வேகவேண்டும். நான் வாங்கிய பாக்கெட்டில் ஊறவைப்பது பற்றி ஒரு வரி கிடையாது, அதோடு மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் ஸ்லோ குக்கரிலும் செய்யலாம் என்று போட்டிருக்கிறது! ஸ்லோ குக்கரில் பல நேரம் சூடு கொதிநிலைக்கு வருவதே இல்லை, 80 டிகிரி வாக்கில் வெந்த ராஜ்மா பச்சை ராஜ்மாவைவிட அதிக நச்சாக இருக்கக்கூடும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுக்கிற சாப்பாடு இது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஐந்துக்கு ஒரு நட்சத்திரத்துக்கு மேல் தர எனக்கு மனசு வரவில்லை.

டிரஸ்ஸிங் பொடி உப்பும் புளிப்பும்தான், ருசி பரவாயில்லை. ஆனால் அதையும் வேகவைக்கும் தண்ணீரிலேயே கலக்கச் சொல்கிறார்கள். புளிப்பு சேர்ந்த தண்ணீரில் பயறு லேசில் மெத்தாகாது, ஏற்கெனவே வேகாத கடலை இன்னும் பிடிவாதம் பிடிக்கும்.

வீட்டில் தனித்தனியாக வாங்கிச் செய்வதில் கஷ்டம் என்று ஒன்றும் இல்லை, இரண்டு பாத்திரம் வேண்டும், அவ்வளவுதான். ராத்திரி கடலையோ ராஜ்மாவோ ஊறப்போடும்போது லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போடுங்கள். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள், நடப்பது நேர்மாறு. தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் இடத்தில் சோடியம் போய் உட்கார, தோல் வெடிக்காமல் மெத்தென்று வேகும். காலையில் வடித்துக் கழுவி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். பிரஷர் குக்கரில் வைத்தால் சீக்கிரம் ஆகும், சூடும் 100 டிகிரியைத் தாண்டுவதால் ராஜ்மாவுக்கு நல்லது. பார்லியை நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடித்து, அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டால் ஒட்டாது. கீன்வா என்றால் வேகவைக்கும் முன் நன்றாகக் கழுவ வேண்டும், மேலே படிந்திருக்கும் சபோனின் என்ற பொருள் கசக்கும்.

அப்புறம், பயறு சூடாக இருக்கும்போதே எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் உப்பும் ஊற்றிப் பிரட்டிவிடுங்கள். இதைத்தான் நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்வேன். ஆறிய பயறு மேல் ஊற்றினால் தோலில் வழிந்து அடியில் தேங்கும், சூட்டில் ஊற்றினால் உள்ளே இறங்கும். இரண்டு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு சாறு என் கணக்கு, பயறு மந்தமான ருசி என்பதால் இலைச் சாலட்டைவிடப் புளிப்பு தூக்கலாகவே இருக்கட்டும். எலுமிச்சையின் வைட்டமின் சி பயறிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவும் உதவும். வெங்காயம், வெள்ளரி, தக்காளி, மல்லித்தழை எல்லாம் பரிமாறும் நேரத்தில் போட்டால் போதும்.

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது, அவற்றில் லைசின் பயறில் அதிகம், மெத்தியோனின் குறைவு. தானியத்தில் பெரும்பாலும் நேர் எதிர். சேரும்போது புரதம் முழுமையாகிறது, ஆரோக்கியம் என்று பாக்கெட்டில் எழுதியிருப்பது இந்த அளவில் உண்மை. அதற்காக எல்லாம் ஒரே பையில் வர வேண்டியதில்லை.

வெந்த தானியத்தை வெளியே விட்டுவைக்காதீர்கள், பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நாலு நாளில் முடித்துவிடுங்கள். நேரமே இல்லை என்றால் டின்னில் வரும் பயறு இந்தப் பாக்கெட்டைவிட ஆயிரம் மடங்கு மேல். டின்னுக்குள்ளேயே முழுக்க வெந்திருக்கும், வடித்துக் கழுவினால் உப்பும் கணிசமாகக் குறையும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். சல்லடையில் கொட்டி ஆட்டுங்கள், கீன்வா கீழே விழுந்துவிடும். கடலையையும் ராஜ்மாவையும் கையால் பொறுக்கி ராத்திரியே ஊறப்போடுங்கள். மிச்சமிருக்கும் பார்லியும் பச்சைப் பயறும் வேகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான், அவை இரண்டும் ஒரே பாத்திரத்தில் வேகலாம்.