ஆம்லாக்டின் 12% லோஷன்: சொரசொரத் தோலுக்கு எவ்வளவு உதவும்?

மேல்கையின் வெளிப்புறமும் தொடையும் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி இருக்கிறதா? பெரும்பாலும் அது கெரடோசிஸ் பிலாரிஸ்தான். முடிக்குழியின் வாயில் கெரட்டின் என்ற தோல் புரதம் திரண்டு அடைத்துக்கொள்கிறது, அங்கே பொரிப் பொரியாகச் சிறு புடைப்புகள் எழுகின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தால், சில பொரிகளுக்குள் மெல்லிய முடி வெளியேற வழியின்றிச் சுருண்டு கிடப்பது தெரியும். இது அழுக்கும் இல்லை, தொற்றும் இல்லை. பீர்க்கங்காய் நாரால் தேய்த்தால் தோல் புண்ணாகிச் சிவக்கும். மாநிறத் தோலில் பொரிக்குப் பொரி பழுப்புப் புள்ளி தங்கி, மறைய மாதக்கணக்காகும். தயவுசெய்து தேய்க்காதீர்கள், கிள்ளாதீர்கள்.

அடைப்பை இளக்கித்தான் எடுக்க வேண்டும். அமெரிக்க மருந்துக்கடைகளில் சீட்டில்லாமல் கிடைக்கும் இந்த லோஷன் அதை நன்றாகவே செய்கிறது. இதிலுள்ள 12% லாக்டிக் அமிலம் செத்த செல்களின் பிடியைத் தளர்த்துகிறது, தோலில் ஈரத்தையும் பிடித்து வைக்கிறது. அமிலத்தின் கடுமையைக் குறைக்க அம்மோனியம் ஹைட்ராக்சைடு சேர்ப்பதால், பூசியதும் லேசாக அம்மோனியா வாடை வரும். சில நிமிடங்களில் போய்விடும். புழுக்கமான ஊரில் கொஞ்சம் பிசுபிசுக்கும்.

வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காயுமுன் ஒரு மேல்கைக்கு ஒரு அமுக்கு வீதம் பூசுங்கள். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். எரிச்சல் இல்லையென்றால் காலையும் இரவும். மூன்று நான்கு வாரத்தில் கை வழுவழுப்பை உணரும். சிவப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது, அந்த விஷயத்தில் இந்த லோஷனிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பலரும் தவறுவது இதற்குப் பிறகுதான்: வழுவழுப்பானதும் நிறுத்திவிடுகிறார்கள், சில வாரத்தில் பொரி திரும்பிவிடுகிறது. வாரம் இரண்டு மூன்று முறையாவது தொடர வேண்டும்.

ஷேவ் அல்லது வேக்ஸ் செய்த அன்று பூசினால் கடுமையாக எரியும். முகத்துக்கு இது வேண்டாம். பூசிய இடம் வெயிலில் எளிதில் கன்றும் என்பதால் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் அவசியம், நிறுத்திய பிறகும் ஒரு வாரத்துக்கு. எக்ஸிமா (தோல் வறண்டு அரிக்கும் நோய்) உள்ளவர்களுக்கு 10% யூரியா கிரீம் பெரும்பாலும் இதைவிட இதமாக இருக்கும். வெடிப்போ புண்ணோ உள்ள இடத்தில் அதுவும் எரியும்.

பொரியில் சீழ் வைத்தாலோ வலித்தாலோ அது முடிக்குழித் தொற்றாக இருக்கலாம். குழந்தைக்கு முழங்கை, முழங்காலில் முள் முள்ளாக இருந்து, மாலை வெளிச்சத்தில் கண்ணும் மங்கினால் வைட்டமின் ஏ குறைபாடா என்று உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு லோஷன் மருந்தல்ல.