டெல்டா ஈரத்துக்கு எந்த சப்வூஃபர் பெட்டி? எம்டிஎஃப், மெரைன் பிளை, ஃபைபர் ஒப்பீடு

காரில் சப்வூஃபர் (தாழ்ந்த பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) வைக்கப் பெட்டி அடிக்க வேண்டும், எந்தப் பலகை வாங்கலாம் என்று கேட்டால் பெரும்பாலானோர் யோசிக்காமல் சொல்லும் பதில் எம்டிஎஃப் என்ற மரநார்ப் பலகை. ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால் அது சரியான பதில்தான். ஆனால் காவிரி டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. டிக்கியில் ஒரு நாள் ஈரச் சாக்கு ஏறும், ஒரு நாள் வாழையிலைக் கட்டு, நாகப்பட்டினம் பக்கமென்றால் மீன் வைத்த ஐஸ் பெட்டி. இப்படிப்பட்ட டிக்கியில் உட்காரப் போகும் பலகை முதலில் தண்ணீரைத் தாங்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பக்கத்து ஹேட்ச்பேக் காருக்கு 18 மி.மீ. மெரைன் பிளையில் (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகையில்) அடித்த மூடிய பெட்டிதான் நல்லது.

பெட்டி என்ன வேலை செய்கிறது என்பதில் ஒரு குழப்பம் உண்டு. தஞ்சாவூர் வீணைக்கும் தவிலுக்கும் பலா மரம், நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரம். நம் ஊரில் நல்ல மரம் என்றால் நாதம் உள்ள மரம். அதனால் தச்சரிடம் போய் ஸ்பீக்கர் பெட்டி என்றதும், 'பழைய பலாக் கட்டை இருக்கு தம்பி, அதுல போடலாமா?' என்று கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சப்வூஃபர் பெட்டிக்கு வேண்டியது நேர் எதிர். வீணைக் குடம் பாட வேண்டும், இந்தப் பெட்டி ஊமையாக இருக்க வேண்டும். ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) முன்னும் பின்னும் போகும்போது அதன் பின்புறக் காற்று முன்புறக் காற்றோடு கலந்தால் பேஸ் அழிந்துவிடும். அந்தக் காற்றைக் கசியாமல் அடைத்து வைப்பதும், தான் அதிராமல் நிற்பதும்தான் பெட்டியின் வேலை.

இந்த வேலைக்கு எம்டிஎஃப் அருமையான பலகை. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது என்பதால் கணுவோ, இழை ஓட்டமோ, உள்ளே பொந்தோ கிடையாது. 18 மி.மீ. கனத்தில் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று ஏறக்குறைய 40 கிலோ இருக்கும். அந்தப் பாரமும் ஒரே சீரான உடம்பும் அதிர்வை நன்றாக அடக்கும். ரூட்டர் என்ற மரம் குடையும் கருவியில் வட்டம் வெட்டினால் விளிம்பு சிதறாது, பெயின்டும் கண்ணாடி போல ஏறும். விலையும் குறைவு.

குறை அதன் வெட்டு விளிம்பில் இருக்கிறது. முகப்பரப்பு ஓரளவு தாங்கும், விளிம்பு தண்ணீரைக் குடித்துவிடும். குடித்த இடம் உப்பும். உப்பியது காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஒரு மழைக்காலம் டிக்கியில் இருந்த எம்டிஎஃப் பெட்டியின் அடி விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், கார்பெட்டுக்கு மேலேயே ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டுக்குப் பின்னால் மூட்டு பிரிந்திருக்கும், ஸ்க்ரூ பிடிமானம் இழந்திருக்கும், காற்று கசியும். பாட்டு கேட்பவருக்கு 'ஸ்பீக்கர் போயிடுச்சு' என்றுதான் தோன்றும். ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கும், கெட்டது பெட்டிதான். எம்டிஎஃப்தான் வேண்டும் என்றால் எல்லா விளிம்புக்கும், உள்பக்கம் உட்பட, தண்ணீர் கலந்த மரப்பசையோ சாண்டிங் சீலரோ இரண்டு கோட் கொடுத்தே ஆக வேண்டும். விளிம்பில் ஸ்க்ரூ ஏற்றும் முன் சிறிய துளை போடாவிட்டால் பலகை இரண்டாகப் பிளக்கும், அதையும் கவனத்தில் வையுங்கள். அறுக்கும்போது வரும் தூள் மிக நைசானது, மாஸ்க் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

மெரைன் பிளை என்று கடையில் கேட்பது ஐஎஸ் 710 (ஐஎஸ் என்பது இந்தியத் தர எண்) தரப் பலகை. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது அதன் சோதனை. அதற்குக் கீழே ஐஎஸ் 303 என்ற கமர்ஷியல் தரம் இருக்கிறது. விலை குறைவு, அது ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கும் நீரைத் தாங்காது. இரண்டையும் 'வாட்டர் ப்ரூஃப்' என்றே சொல்லி விற்பார்கள், முத்திரையில் உள்ள ஐஎஸ் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். முத்திரை மட்டும் போதாது. ஷீட்டைச் சாய்த்து நிறுத்தி விரல் முட்டியால் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை தட்டிக்கொண்டே போங்கள். ஒரே சத்தம் வந்துகொண்டிருக்கும்போது ஓரிடத்தில் 'டொக்' என்று வெற்றொலி வந்தால் உள்ளடுக்கில் பொந்து இருக்கிறது. அந்த இடம் பெட்டியில் வந்தால் பேஸ் அடிக்கும்போது கிர்ரென்று அதிரும். வெட்டிய விளிம்பையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், அடுக்குகளுக்கு இடையே ஊசி நுழையும் சந்துகூட இருக்கக் கூடாது.

நல்ல பிளை கிடைத்துவிட்டால் அது எம்டிஎஃப்பை விட எடை குறைவு, விறைப்பு அதிகம், ஸ்க்ரூவை இறுகப் பிடிக்கும். ஜிக்சாவில் வெட்டினால் மேலடுக்கு சிதறும், கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டினால் போதும். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் பட்டி வேலை இரண்டு மடங்கு, இல்லாவிட்டால் மர இழை மேலே தெரியும். விலையும் கூடுதல்தான். ஆனால் ஒரு பெட்டிக்கு வேண்டியது கால் ஷீட்டுக்கும் சற்று மேல். அந்த அளவில் விலை வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள்.

நடுவில் எச்டிஎச்எம்ஆர் என்றொரு பலகை இப்போது எல்லாக் கடையிலும் இருக்கிறது. எம்டிஎஃப்பை விட அடர்த்தி, ஈரத்தை நன்றாகவே தாங்கும், பெயின்டும் ஏறும். நல்ல மெரைன் பிளை கிடைக்காவிட்டால் இதை வாங்கலாம். பாரம் அதிகம் என்பதைத் தவிர இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

ஃபைபர் வேறு உலகம். டிக்கியின் பக்கச் சுவரில், சக்கர வளைவுக்குப் பின்னால் இருக்கும் குழியில் அப்படியே பொருந்தும் பெட்டி வேண்டுமென்றால் மரத்தால் முடியாது. இந்த வேலை தெரிந்தவர்களைத் தேடிச் சென்னை போக வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. கண்ணாடி இழை மேட் விரித்து, ரெசின் என்ற கெட்டியாகும் பிசின் பூசி விரிசல் அடைக்கும் கைகள் அந்தக் கரை நெடுக இருக்கின்றன. படகுக்குப் போடும் அதே மேட், அதே ரெசின்தான் இதற்கும். டிக்கிக்கு மாஸ்கிங் டேப்பும் அலுமினியத் தாளும் ஒட்டி, அதன் மேல் மேட் வைத்துப் பூசி அச்சு எடுக்கிறார்கள். அப்புறம் அச்சின் வாயில் ஸ்பீக்கருக்கான மர வளையத்தை நிறுத்தி, துணியை இழுத்துக் கட்டி, அதற்கும் ரெசின் பூசிக் கெட்டியாக்குகிறார்கள்.

தண்ணீரால் இதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஒன்றிரண்டு அடுக்கோடு நிறுத்தினால் அகலமான இடங்கள் தகரம் போல அதிரும், 6 மி.மீ. கனமாவது வர வேண்டும். மழை நாளில் ரெசின் பிசுபிசுப்பாகவே நிற்கும் என்பதால் தை பிறந்த பிறகு ஆரம்பிப்பது நல்லது. கொள்ளளவையும் டேப் வைத்து அளக்க முடியாது. காய்ந்த நெல்லைக் கொட்டி நிரப்பி, லிட்டர் அளவையால் திருப்பி அளந்தால் கணக்கு கையில் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: ரெசினைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பற்றி வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். படகு வேலை தெரிந்தவருக்கு இது அத்துப்படி. வீட்டில் முதல் தடவை செய்பவருக்குத்தான் ஆபத்து, தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பலகை முடிவானது, இனி மூடிய பெட்டியா, போர்ட் (காற்று போய்வரும் குழல்) வைத்த பெட்டியா என்பது. 12 இஞ்ச் சப்வூஃபர் ஒன்றுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மூடிய பெட்டிக்கு உள் அளவு 36 × 33 × 28 செ.மீ. வைத்தால் 33 லிட்டர் வரும், ஸ்பீக்கரின் பின்பாகம் அடைக்கும் இடம் போனால் 30. 18 மி.மீ. பலகை சேர்த்தால் வெளியே 46 லிட்டர் இடம்தான் பிடிக்கும். போர்ட் பெட்டிக்கு நிகரக் கொள்ளளவு 50 லிட்டராவது வேண்டும். 34 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய (அந்தத் தாழ்ந்த ஒலியில் போர்ட் துணை நிற்கும்படி அமைக்க) 137 சதுர செ.மீ. வாய் உள்ள போர்ட் வைத்தால், அது 60 செ.மீ.க்கு மேல் நீளம் போகும், உள்ளே மடித்துத்தான் வைக்க வேண்டும். எல்லாம் சேர்த்தால் வெளி அளவு 80 லிட்டரைத் தாண்டிவிடும். 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டின் டிக்கியே 268 லிட்டர்தான். கால்வாசிக்கு மேல் போர்ட் பெட்டிக்கே போய்விட்டால் கல்யாணத்துக்குப் போகும்போது பையை எங்கே வைப்பது?

அந்த இடத்துக்குப் பதிலாக போர்ட் பெட்டி தருவது சத்தம். அதே ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) ட்யூனிங் அருகே சுமார் 3 டெசிபல் கூடும், அதாவது ஆம்பின் வாட்டை இரட்டித்தது போல. ஆனால் ட்யூனிங்குக்குக் கீழே போனதும் கோனைப் பிடித்து நிறுத்த காற்று இருக்காது. ஆம்பில் மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் இல்லையென்றால் கோன் தாறுமாறாக ஆடிக் கெட்டுப்போகும். மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்ப்ரிங். பேஸ் கீழே போகப் போக மெதுவாகத்தான் குறையும், அந்தக் குறைவையும் ஹேட்ச்பேக்கின் சிறிய உள்வெளி ஓரளவு நிரப்பிவிடும். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டு, தொப்பியில் கையை அழுத்தி எழுப்பும் கும்கியைக் கேளுங்கள். மூடிய பெட்டியில் அது வளைந்து ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். சரியாகக் கணக்குப் போடாத போர்ட் பெட்டியில் 'பூம்' என்று ஒரே சுருதியில் வழிந்துவிடும். டிக்கி தனியாக அடைபட்ட செடான் கார் வைத்திருப்பவர்கள் மட்டும் போர்ட் பக்கம் யோசிக்கலாம், பின் சீட்டைத் தாண்டி ஒலி வர அந்தக் கூடுதல் சத்தம் தேவைப்படும்.

மூட்டுக்கு மெரைன் வகை மரப்பசை, உள் மூலைகளுக்கு பியூ (பாலியூரிதேன்) சீலன்ட். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வைத்தால் அந்த ஆவி ஸ்பீக்கரின் ஃபோமைக் கெடுக்கும். வேறு வழியில்லாமல் அதை வைத்திருந்தால் வாடை முழுக்கப் போகும் வரை ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். மாட்டிய பிறகு தாழ்ந்த ஒலி ஒன்றை ஓடவிட்டு, மூட்டு நெடுக ஊதுபத்தியைக் காட்டிக்கொண்டு போங்கள். புகை எங்கே படபடக்கிறதோ அங்கே கசிவு இருக்கிறது.

மேல்பூச்சில் கார்பெட் சுலபம். கோணல் மூட்டையும் மறைத்துவிடும். ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இரண்டு மழைக்குப் பிறகு பூஞ்சை வாடை வரும். ரெக்ஸின் துடைக்க நல்லது, சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் பசை இளகி மூலைகள் தூக்கிக்கொள்ளும். நான் சொல்வது பெயின்ட். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, சொரசொரப்பான கறுப்பு டெக்ஸ்சர் பூச்சு அடித்தால் சாக்கு உரசினாலும் கீறல் தெரியாது. வழுவழு பூச்சுதான் வேண்டுமென்றால் அடைமழை நாளில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடிக்க வேண்டாம். காற்றின் ஈரம் பட்டு மேல்பரப்பு வெள்ளை பூத்துவிடும், திரும்பத் தேய்த்து அடிக்க வேண்டியதுதான். எந்தப் பூச்சானாலும் பெட்டியின் அடியில் நான்கு ரப்பர் கால் வையுங்கள், டிக்கியின் ஈர விரிப்பின் மேல் நேரடியாக உட்காரக் கூடாது.

பெட்டியும் ஸ்பீக்கரும் சேர்ந்து 15 கிலோவுக்குக் குறையாது. சடன் பிரேக்கில் அது முன்னால் பாயாமல் இருக்க, எல் வடிவப் பட்டை வைத்து போல்ட்டால் டிக்கித் தரையோடு பிணைக்க வேண்டும். துளை போடும் முன் காருக்கு அடியில் குனிந்து, பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் அந்த இடத்தில் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு டிரில்லை எடுங்கள்.